பன்னிரண்டாவது தாள்

பிப்ரவரி 4

தம்பி மரங்கொத்திக்கு,

அக்கா எழுதறேன். வந்து சேர்ந்துட்டேன். ரெண்டு நாள் ரயில்ல உக்காந்தே வந்ததுல கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை. உன் இருமல் எப்படி இருக்கு? ஜன்னலைச் சாத்திட்டுப் படுக்கறியா, இல்ல நான் இல்லேங்கிற தைரியமா?

ஆஸ்பத்திரி ரொம்பப் பெரிசு. எனக்குக் காய்ச்சல் வார்டு, நாப்பது கட்டில். குவார்ட்டர்ஸ்ல தனி ரூம் கொடுத்திருக்காங்க. ஒரு கட்டில், ஒரு மேசை, நாலு வெள்ளைச் சுவர். ஆணி அடிக்கக் கூடாதாம். டெலிபோன் மேட்ரன் ரூம்ல பூட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, அதனால நமக்குக் கடிதம்தான். பதினெட்டு மாச மாத்தல். எண்ணி எண்ணித்தான் தள்ளணும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உங்க அத்தானை உன்னை நம்பி விட்டுட்டு வந்திருக்கேன். இருபத்திரெண்டு வருஷம் பிள்ளைங்களுக்கு வரையச் சொல்லிக் கொடுத்த மனுஷன். பள்ளிக்கூடத்துல டிராயிங் பீரியடையே எடுத்துட்டு, 'இனிமே வர வேண்டாம் மாஸ்டர்'னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க. அன்னையிலேர்ந்து எட்டு மாசமா சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கார். பென்சிலைத் தொடல. நான் கிளம்பற அன்னைக்குக் கூட 'பத்திரமா போ'ன்னு சுவத்துக்கிட்டதான் சொன்னார். இந்த மாதிரி ஆளுங்களை வார்டுல நிறையப் பாத்துட்டேன். முதல்ல பேச்சு நிக்கும், அப்புறம் சாப்பாடு நிக்கும், அப்புறம் ஆளே இருக்க மாட்டாங்க.

கார்ப்பரேஷனுக்காக நீ மரம் உள்ளே கெட்டியா இருக்கான்னு தட்டிப் பாக்கப் போற பூங்காவுக்கு அவரையும் இழுத்துட்டுப் போ. வரமாட்டேன்னுதான் சொல்லுவார். கையைப் பிடிச்சு இழு. அஞ்சு வயசுலேர்ந்து உன்னைத் தூக்கி வளத்தவ நான், இது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கறேன். பதில் உடனே வேணும். அவரையும் ஒரு வரி எழுதச் சொல்லு.

அக்கா

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

இருமல் போயாச்சு, ஜன்னல் சாத்தியாச்சு, அங்கேயிருந்து நீ அதட்ட வேண்டாம். கால் வீக்கம் வடிஞ்சுதா? வாளியில சுடுதண்ணி ஊத்தி வெச்சுக்கோன்னு நீ மத்தவங்களுக்குச் சொல்லுவியே, அதைக் கொஞ்சம் உனக்கும் சொல்லிக்கோ.

அத்தானை இழுத்துட்டுப் போனேன். செருப்பு மாட்டவே முக்கால் மணி நேரம் பண்ணினார். பூங்கா வாசல் வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரல. தூங்குமூஞ்சி மரத்துக்கிட்ட போனதும் நின்னுட்டார்.

அந்த மரம் உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, டியூட்டிக்கு ஓடற ஓட்டத்துல நீ எதைப் பாத்தே? உயரம் ஒண்ணும் பிரமாதம் இல்ல. அகலம்தான் அகலம். அடிமரம் ஆளுயரத்துலயே அஞ்சாப் பிரிஞ்சுடும். ஒவ்வொரு கிளையும் ஒரு தனி மரத்தோட கனத்துல படுக்கைவாட்டுல ஓடும். நிழலோட இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் எட்டு வெச்சு அளந்திருக்கேன், அறுபத்தி மூணு எட்டு. நடுவுல ஒரு கம்பம் கிடையாது, ஒரு முட்டு கிடையாது. கிழக்குக் கிளை மட்டுமே இருபத்தெட்டு எட்டு வரும், நடைபாதையையும் தாண்டிப் போய் நிக்கும். பதினாலு வருஷமா மரச்சுத்தியலைத் தூக்கிட்டு அலையறேன், எத்தனையோ ஆயிரம் மரத்தைத் தட்டியிருப்பேன். இதுக்கிட்ட போனா மட்டும் வந்த வேலை மறந்துபோய் அண்ணாந்துகிட்டு நிப்பேன்.

அத்தானும் அப்படித்தான் நின்னார், ஒரு மணி நேரம். அப்புறம் வாயைத் திறந்தார். "இது தாள்ல அடங்காதே"ன்னார். எட்டு மாசத்துல அவர் பேசின முதல் முழுப் பேச்சு அதுதான்.

மறுநாள் நான் பல் விளக்கறதுக்குள்ள பென்சில் டப்பாவோட வாசல்ல நிக்கிறார். முதல் தாள்ல அடிமரத்துல பாதிதான் வந்துச்சு. பக்கத்துல இன்னொரு தாளை ஒட்டினார். அப்புறம் அதை ஒதுக்கிட்டு, மேற்கு நுனியில புதுசா ஆரம்பிச்சுக் கிழக்கு நுனி வரைக்கும் பன்னிரண்டு தாள் ஆகும்னு அளந்து சொல்லிட்டார். முடிய முடிய உன் வெள்ளைச் சுவருக்கு அனுப்பறாராம். முதல் ரெண்டு இத்தோட வருது.

எழுதச் சொன்னா மாட்டேங்கிறார். கீழே போட்டிருக்கிற தூங்குமூஞ்சி இலைதான் அவர் கையெழுத்தாம். பாத்துக்கோ.

மரங்கொத்தி

மார்ச் 12

தம்பிக்கு,

நான் சுகம், நீங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கணும். கால் வீக்கம் வடிஞ்சுடுச்சு, வாளியில சுடுதண்ணி வெச்சேன், போதுமா?

கடிதம் வந்தப்போ வார்டுல ரவுண்ட்ஸ். மறைச்சு வெச்சுக்கிட்டு, துணி அடுக்கற ரூமுக்குப் போய்ப் பிரிச்சேன். அந்த இலையைப் பாத்ததும் அழுதுட்டேன்டா. சின்னச் சின்ன இலையா ஜோடி ஜோடியா, சாயங்காலம் மூடிக்கிற மாதிரி லேசா மடிச்சு வரைஞ்சிருக்கார். அவர் கை அப்படியேதான் இருக்கு. எட்டு மாசத்துல மறந்திருக்குமோன்னு பயந்து செத்தேன்.

ஆணிதானே கூடாது? கட்டுப் போடற பிளாஸ்டரால ஒட்டிட்டேன். காலையில கண்ணைத் திறந்தா மரத்துலதான் முழிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடறாரா, வெயில்ல உக்காராம இருக்காரா, எல்லாம் எழுது. தாளை மடிக்காம சுருட்டி அனுப்பு, மடிப்பு விழுது. நீ நல்லா இருப்பே.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், அத்தான் அதுக்கும் மேலே. அங்கே காய்ச்சல் ஜாஸ்தியாகுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நீ முகத்துல துணி கட்டிக்கிட்டுத்தானே வேலை பாக்கறே?

இத்தோட ஏழு தாள், மூணுலேர்ந்து ஒன்பது வரைக்கும். அத்தான் இப்போ தானே எழுந்து தானே போறார். பாத்துட்டு நிக்கிறவங்களுக்கு நிழல் எப்படிப் போடறதுன்னு வகுப்பே எடுக்கறார். ஒரு கிழவர் தினமும் வந்து 'இன்னைக்கு எந்தக் கிளை மாஸ்டர்?'னு கேக்கறார். வீட்டுக்கு வந்ததும் பசிக்குதுங்கிறார், ரெண்டாம் தடவை போட்டாலும் வேண்டாங்கிறதில்ல. நேத்து நான் சொன்ன மொக்கை ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரிச்சார், எனக்கே கூச்சமாப் போச்சு.

ஒண்ணு சொல்லணும். வருஷாந்திரத் தட்டல் ஆரம்பிச்சாச்சு. முன்னெல்லாம் ஒரு கிளை உள்ளே பொக்குன்னு தெரிஞ்சா அந்தக் கிளையை மட்டும் கழிச்சு விடுவோம். ஏணி வண்டி கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு, ஏறி வெட்ட ஆளும் கிடையாது. அதனால இப்போ ஒரே சட்டம்: சத்தம் சரியில்லேன்னா மஞ்சள் பெயிண்டுல பெருக்கல் குறி, மறுவாரம் மரமே அடியோட போயிடும். போன மாசம் மட்டும் பதினொண்ணு போச்சு. நம்ம தூங்குமூஞ்சியோட முறை மாசக் கடைசியில வருது. கிழக்குக் கிளையைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கு. தட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

இலை கீழே.

மரங்கொத்தி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

நான் சுகம்னு சொல்லணும், சொல்லிட்டேன். கட்டில் நாப்பது, நோயாளி அறுபத்தஞ்சு. துணி கட்டிக்கிட்டுத்தான் பாக்கறேன். உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு நல்லாத்தானே இருக்கு?

ஒன்பதும் ஒட்டியாச்சு. மரம் கதவுக்கிட்ட கிளம்பி, மூலையில திரும்பி, அடுத்த சுவத்துல ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்து ரூம் நர்ஸுங்க டியூட்டி முடிஞ்சதும் இங்கே வந்து தரையில உக்காந்துக்கறாங்க, நிழல்ல உக்கார்றாங்களாம். ஒன்பதாவது தாள்ல கிழக்குக் கிளைக்கு அடியில வரிசையா மூணு காது மாதிரி வரைஞ்சிருக்காரே, அது என்ன? மரத்துக்கு எதுக்குக் காது, நீ தட்டறது கேக்கவா?

சரி, விளையாட்டு போதும். உன் கடிதத்தோட கடைசிப் பாரா எனக்குப் பிடிக்கல. 'யோசனையா இருக்கு'ன்னா என்னடா அர்த்தம்? அந்த மரத்தாலதான் அந்த மனுஷன் எழுந்து நடக்கிறார். அதை அவர் கண்ணு முன்னால வெட்டிச் சாய்ச்சா மறுபடி சுவத்துக்குத் திரும்பிடுவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார். நர்ஸா சொல்றேன், பொண்டாட்டியா சொல்றேன். நீ எப்படித் தட்டுவியோ, என்ன எழுதுவியோ, அது உன் பாடு. எனக்குச் சொல்லவும் வேண்டாம். அந்த மரத்துல மட்டும் மஞ்சள் பெயிண்ட் பட்டுச்சு, அதுக்கப்புறம் என் மூஞ்சில முழிக்காதே.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

மே 6

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் நலம் அறிய விரும்புகிறேன்.

தாங்கள் கேட்டிருந்த மரம் கடந்த திங்கட்கிழமை முறைப்படி தட்டிப் பார்க்கப்பட்டது. அடிமரமும் ஐந்து கிளைகளும் உறுதியாக உள்ளன எனப் பதிவேட்டில் எழுதப்பட்டு என்னால் கையெழுத்திடப்பட்டது. பெயிண்ட் பூசப்படவில்லை. காது போன்றவை என்று தாங்கள் குறிப்பிட்டிருந்தவை காளான்கள். ஈரத்தில் வருபவை. அவற்றைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அத்தான் கிளையின் அடிப்புறத்தை விவரமாக வரைய வேண்டும் என்று இப்போது கிழக்குக் கிளைக்கு நேர் கீழே அமர்கிறார். மேற்குப் பக்கம் அமரலாமே என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். காலை வெளிச்சம் அங்கேதான் சரியாக விழுகிறது என்று சொல்லிவிட்டார்.

பத்தாவது தாள் இணைக்கப்பட்டுள்ளது. இலை கீழே உள்ளது.

தங்கள் தம்பி

ஜூன் 1

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன், தூக்கம்தான் இல்லை. அவர் எப்படி இருக்கார், நீ எப்படி இருக்கே?

'அக்கா அவர்களுக்கு'வாம், 'தாங்களா'ம். யாருக்குடா எழுதினே, உங்க கமிஷனருக்கா? பத்து வயசுல பக்கத்து வீட்டு ஜன்னலை உடைச்சுட்டு வந்து, கையைக் கட்டிக்கிட்டு, 'கண்ணாடி உடைந்து காணப்படுகிறது'ன்னு சொன்னவன் நீ. உனக்கு எப்போ ஆபீஸ் தமிழ் வருதோ அப்போ உள்ளே என்னவோ இருக்குன்னு எனக்குத் தெரியும். எதையோ பூசி மெழுகறே. பரவாயில்லை, நான் கேக்கப் போறதில்லை. மரம் நிக்குது, அவர் வரையறார், எனக்கு அது போதும். நீ என் பேச்சைத் தட்ட மாட்டேன்னு தெரியும்.

இன்னும் ரெண்டு தாள்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அளந்து இடம் விட்டு வெச்சிருக்கேன். பன்னிரண்டாவது தாள் வந்ததும் எல்லாருக்கும் டீ வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். நலமே விழைகிறேன். தங்கள் கடிதமும் அதன் பிறகு எழுதிய இரண்டு கார்டுகளும் கிடைக்கப் பெற்றேன். வேலைப் பளுவால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

சென்ற மாதம் மரத்திலிருந்து கிளை ஒன்று விழுந்ததில் அத்தானுக்குத் தோளில் லேசான அடி. வைத்தியம் பார்க்கப்பட்டது. வீட்டில் ஓய்வில் இருக்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை. தாங்கள் லீவு கேட்டு அலைய வேண்டாம்.

பதினோராவது தாளை அனுப்பும்படி அவர் சொன்னதால் அனுப்பியுள்ளேன். ஓரத்தில் இருப்பது டீ சிந்திய கறை. பன்னிரண்டாவது தாள் ஆரம்பிக்கப்படவில்லை.

இலை கீழே.

தங்கள் தம்பி

ஆகஸ்ட் 14

டேய்,

உன் சுகம் என் சுகம் எல்லாம் அப்புறம்.

கீழே போட்டிருக்கிறது இலையா? அது மீன். அவர் போடற இலையை நான் அரைத் தூக்கத்துல கூட கண்டுபிடிப்பேன். நீ உக்காந்து, நாக்கைத் துருத்திக்கிட்டு, அவர் கையெழுத்தை என்கிட்டயே போட்டுக் காட்டறே. கை எப்படிடா வந்துச்சு உனக்கு?

அந்தக் கறை டீக் கறை இல்லை. டீக் கறையும் தெரியும், ரத்தக் கறையும் தெரியும், இருபது வருஷமா ரெண்டையும் துவைக்கிறேன். லேசான அடி பட்டவர் ஏன் ஒரு இலை போடல? ரெண்டு மாசம் ஏன் எழுதல நீ? இங்கே வார்டுல ஆள் செத்துக்கிட்டிருக்காங்க, லீவுன்னு வாயைத் திறந்தாலே மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கிறா. நான் கிளம்பி வரவும் முடியல, இங்கே நிக்கவும் முடியல.

ரெண்டே ரெண்டு கேக்கறேன். வலது கையை முன்னால நீட்டச் சொல்லு. மணிக்கட்டு மேலே எழும்புதா? கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் நுனியைத் தொடுதா? ஆமா, இல்லை, இவ்வளவுதான் எழுதணும். ஆபீஸ் தமிழ்ல ஒரு எழுத்து வந்தாலும் படிக்காமக் கிழிச்சுடுவேன்.

அக்கா

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

இல்லை. ரெண்டுக்கும் இல்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி, காலையில பத்தரை இருக்கும். காத்து ஒரு பொட்டு கூட இல்ல. முதல் நாள் பூரா மழை, இலையெல்லாம் தண்ணியில ஊறிக் கனத்துக் கிடந்துச்சு. நான் பூங்காவோட மறு கோடியில இருந்தேன். சத்தம் கேட்டதுமே எந்த மரம், எந்தக் கிளைன்னு தெரிஞ்சுபோச்சு. அத்தான் இன்னைக்கு லேட்டா வந்திருக்கணும், லேட்டா வந்திருக்கணும்னு சொல்லிக்கிட்டே ஓடினேன். அவர் என்னைக்கும் லேட்டா வந்ததில்ல.

வலது தோளும் கையும் அடியில மாட்டிக்கிச்சு. எட்டு பேர் சேர்ந்து தூக்கினோம். மூணு வாரம் ஆஸ்பத்திரி, ரெண்டு ஆபரேஷன். எலும்பு கூடிடுச்சு, நரம்பு போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். தினமும் காலையில பென்சிலை இடது கையால எடுத்து வலது கையில வெச்சுப் பாக்கறார். விழுந்துடுது. நான் எடுத்துக் கொடுக்கப் போனா வேண்டாங்கிறார், தானே குனிஞ்சு எடுத்து டப்பாவுல வெச்சுடறார்.

மேல சொன்னது உனக்கு வேண்டிய பதில். இனிமே எழுதறது என் பாவம். மே மாசம் அந்தக் கிளையைத் தட்டினப்போ பானையைத் தட்டின சத்தம் வந்துச்சு. காளான் முளைச்ச இடத்துலேர்ந்து நாலு எட்டு தூரத்துக்கு உள்ளே ஒண்ணுமே இல்ல. நான் நகர்ந்து நகர்ந்து தட்டினேன். நல்ல சத்தம் வர்ற இடம் கிடைக்கிற வரைக்கும் தட்டினேன். கிடைச்சுது. அந்தச் சத்தத்தைப் பதிவேட்டுல எழுதிட்டு வீட்டுக்கு வந்தேன். பதினாலு வருஷத்துல ஒரே ஒரு மரத்துக்குத்தான் அப்படிப் பண்ணினேன்.

அத்தான் ஏன்னு கேட்டப்போ சொல்லியிருக்கலாம். சொன்னா, அப்போ வெட்டணுமேன்னு கேப்பார், மறுபடி சுவத்துக்கிட்ட போயிடுவார்னு நினைச்சேன். உன் பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. உன் மேல பழி போடல அக்கா. தட்டற அன்னைக்கு உன் ஏப்ரல் கடிதம் என் சட்டைப் பையில இருந்துச்சு, அதை மட்டும் சொல்றேன்.

விசாரணைக்கு மூணு பேர் வந்தாங்க. பதிவேட்டுல 'உறுதி'ன்னு இருக்கு, கீழே கையெழுத்து இருக்கு. அதனால தானா விழுந்ததுன்னும், உக்காரக் கூடாத இடத்துல மாஸ்டர் உக்காந்துட்டார்னும் எழுதினாங்க. உக்காரக் கூடாதுன்னு பலகை வெச்சதே மறுவாரம்தான். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். மரத்தை நாலு நாள்ல அடியோட எடுத்துட்டாங்க. இப்போ அந்த இடத்துல பூரா வெயில்.

தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க வாய் வரல.

மரத்தை விட்டுடுன்னுதான் சொன்னேன். அவர் கையை வாங்கச் சொன்னேனா? நான் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவ, மரத்துக்குள்ளே ஓட்டைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா? காளான், கவலைப்பட வேண்டாம்னு எழுதினவன் நீ. அவ்வளவு தெரிஞ்சவன் அந்தக் கிளைக்கு அடியில அவரை ரெண்டு மாசம் உக்கார வெச்சுட்டு, ரெண்டு வேளை சோறும் போட்டிருக்கே. உன்னை வளத்ததுக்கு எனக்கு நல்லா செஞ்சுட்டே.

உன் கடிதம் எல்லாத்தையும் தனிப் பொட்டலமாக் கட்டித் திருப்பி அனுப்பிட்டேன். உன் எழுத்து என் ரூம்ல இருக்க வேண்டாம். நான் எழுதின ஏப்ரல் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு. என்ன சூழ்நிலையில எழுதினேன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாது. ஜூன்ல எழுதினதையும் கிழிச்சுடு.

அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதே. தானா விழுந்த கிளைன்னே அவர் நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். தெரிஞ்சா தாங்க மாட்டார். லீவு கிடைச்சுடுச்சு, அக்டோபர் பதினாலாம் தேதி வர்றேன். அவருக்கு என்ன செய்யணுமோ அதை நான் வந்து பாத்துக்கறேன்.

அக்கா

அக்டோபர் 2

உனக்கு,

இடது கையால எழுதறேன், கோணல்மாணலா இருக்கும். உடம்பு பரவாயில்லை. நீயும் கொஞ்சம் தூங்கு.

பொட்டலம் சனிக்கிழமை வந்துச்சு. உன் தம்பி வேலைக்குப் போயிருந்தான். ஒரு கையாலயும் பல்லாலயும் முடிச்சை அவிழ்த்தேன். அவன் உனக்கு எழுதினதைப் படிச்சேன். அப்புறம் அவன் கடிதம் போட்டு வெக்கிற டப்பாவைத் திறந்து, நீ அவனுக்கு எழுதினதைப் படிச்சேன். ஏப்ரல், ஜூன் ரெண்டும் இருக்கு. அவன் கிழிக்கல. எல்லாத்தையும் தேதி வரிசையில மேசை மேல பரப்பினேன். மேசை பத்தல.

ஒவ்வொண்ணுலயும் நான் இருக்கேன். சாப்பிட்டேனா, சிரிச்சேனா, எங்கே உக்காந்தேன், எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன், எல்லாம் இருக்கு. எனக்காக மரத்தை நிறுத்தினீங்க. எனக்காகப் பொய் எழுதினீங்க, எனக்காக அதை மறைச்சீங்க. இப்போ எனக்காகவே இன்னொண்ணும் மறைக்கச் சொல்லி எழுதியிருக்கே. அக்காவும் தம்பியும் எட்டு மாசமா இவ்வளவு எழுதியிருக்கீங்க, அவரை ஒரு வார்த்தை கேட்டா என்னன்னு ஒரு வரி இல்ல. நான் ரெண்டு ரூம் தள்ளித்தான் படுத்திருந்தேன்.

கேட்டிருந்தா வெட்டுங்கன்னு சொல்லியிருப்பேன். அது நல்ல மரம். அந்த மாதிரி அகலத்தை நான் பாத்ததில்ல, இனிமே பாக்கப் போறதும் இல்ல. ஆனாலும் மரம்தானே. விழுந்தா ஆள் செத்துடுவாங்கன்னா வெட்ட வேண்டியதுதான். ரெண்டு நாள் மனசு கஷ்டமா இருந்திருக்கும். மூணாம் நாள் வெட்டின அடிக்கட்டையை வரைஞ்சிருப்பேன். அதுவும் முடிஞ்சா அடுத்த தெருவுல ஒரு ஓட்டை பஸ் நிக்குது, அதை வரைஞ்சிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது வரையறதுக்கு ஒரு கை.

காதுன்னு நீ கேலி பண்ணினியே, அது என்னன்னு எனக்குத் தெரியாது. இருந்ததை இருந்தபடி வரைஞ்சேன். தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான், கேள்வி கேட்டவ ஒருத்தி இருந்தா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டீங்க.

பதினாலாம் தேதி வா. சாவி வழக்கமான இடத்துல இருக்கும். வந்து ரெண்டு பேரும் உக்காந்து, எனக்கு இனிமே எது நல்லதுன்னு பேசி முடிவு பண்ணுங்க. பண்ணினதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

இந்தக் காகிதம் பெரிசா இருக்கேன்னு பாக்காதே. இது பன்னிரண்டாவது தாள். தாள் கட்டுல இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு, அதான் இதுலயே எழுதிட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இடம் விட்டு வெச்சிருக்கேன்னு எழுதியிருந்தியே, அங்கே ஒட்டிக்கோ.

இதை உன் தம்பிதான் தபால்ல சேர்க்கணும், அதனால உறையை ஒட்டாம மேசை மேல வெக்கிறேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். இலையை அவனே போட்டுடுவான்.